உச்சி வெயிலில் சாயரட்சை

“அம்மை, எந்தப் பீஸ்கட்டையைப் பிடுங்கட்டும்?”

தாணுமாலயன் காலையிலிருந்தே கேட்க நினைத்துக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதில்தான் வாய் வந்தது.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எத்தனை இருக்கு?”

“ரெண்டு. ஒண்ணு நம்ம மடத்துக்கு. ஒண்ணு கீழே குடிசைகளுக்கு. ரெண்டையும் விட்டா பேட்டரி விடியக்காலம் வரைக்கும் தாங்க மாட்டேங்குது. ஒண்ணைப் பிடுங்கினாத் தாங்கும்.”

கணவாய்க்கு மேலே இருந்தது அந்த மடம். மின்கம்பங்கள் மலையடிவாரத்தோடு நின்றுபோயிருந்தன. அதனால் கூரையில் சோலார் தகடுகளைப் பதித்து, ஓர் அறையில் பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். மடத்து விளக்கும் அதில்தான் எரிந்தது. மதிலோரத்துக் குடிசை விளக்குகளும் அதில்தான் எரிந்தன.

தாணுமாலயன் மின்சார வேலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியவர். அம்மைக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. ஆனாலும் அவள்தான் மடத்துக் குரு, அவர் சீடர்.

மந்திர உபதேசம் கேட்டு வந்தவரிடம் அம்மை பேட்டரி அறைச் சாவியைக் கொடுத்தாள். அந்த மனக்குறை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

“நீங்க எதைப் பிடுங்கலாம்னு நினைக்கீங்க, அண்ணாச்சி?”

“மடம் சாமி இருக்கிற இடம்.”

“அப்போ குடிசையை.”

“அதான் மனசு வரலே.” அவர் குரல் இறங்கியது. “மாசானம் இருக்கான்லா.”

மாசானம் கல் குவாரியில் பாறைத் தூளைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போனவன். மதிலுக்கு நேர் கீழே, முதல் குடிசை அவனுடையது. ராத்திரியில் மூச்சு மெஷின் இல்லாமல் அவனால் படுக்க முடியாது. இப்போது சில நாட்களாக விடியுமுன்னே கரண்ட் நின்றுவிடுகிறது. அவன் மனைவி பேச்சித்தாய் அவனை மடியில் சாய்த்து, நெஞ்சை நீவிக்கொண்டே கிழக்கு வெளுக்கக் காத்திருக்கிறாள்.

“இன்னைக்குக் காலையிலே உதடெல்லாம் நீலமாப் போச்சாம். இனிமே தாங்க மாட்டான் அம்மை. சொல்லுங்க, எதைப் பிடுங்கட்டும்?”

அம்மை கீரைத் தண்டை ஒதுக்கி வைத்தாள்.

“பேட்டரி இப்போ எப்படி இருக்கு?”

“நிறைஞ்சிட்டு. உச்சிக்கெல்லாம் நிறைஞ்சிரும்.”

“அதுக்கு மேலே அடிக்கிற வெயில்?”

“அதை வச்சுக்க எடமில்லே. சும்மா போகுது.”

“அந்தி வரைக்குமா?”

“அந்தி வரைக்கும்.”

“அந்தியிலே?”

“அப்போதானே எல்லாம் ஓடும்? சாயரட்சைக்கு மேள மெஷின், சீரியல் செட்டு, மைக்கு. தொட்டிக்கு மோட்டார். மறுநாள் இட்லிக்குக் கிரைண்டர். எப்பவும் அந்தியிலேதானே அம்மை...”

அம்மை எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நேரே மண்டபத்துக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

உச்சி வெயிலில் மணி அடித்தது.

கோசாலையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அடுக்களையிலிருந்து சமையல்கார ஆவுடை கரண்டியோடு ஓடிவந்தாள்.

“தீயா?”

“பாம்பா?”

“சாயரட்சை,” என்றாள் அம்மை.

ஆவுடை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். கண் கூசிக் குனிந்துகொண்டாள்.

“மேளத்தைப் போடுங்க. மோட்டாரைப் போடுங்க. ஆவுடை, அரிசி ஊறியாச்சா?”

“இப்பத்தான் போட்டேன் அம்மை.”

“ஊறினதும் ஆட்டிரு. நாளையிலிருந்து விடிஞ்சதும் ஊறப் போட்டிரு.”

தாணுமாலயன் முன்னால் வந்து நின்றார். வழிமறித்த மாதிரிதான் இருந்தது.

“இது தப்பு அம்மை. அந்திப் பூஜையை உச்சியிலே பண்ணக் கூடாது. சாமிக்குன்னு நேரம் இருக்கு.”

“சாமிக்கு இருட்டுமா, அண்ணாச்சி?”

அது அப்போது அவருக்கு ஏறவில்லை. கோபம்தான் வந்தது.

“மந்திரம் கேட்டு வந்தேன், சாவியைத் தந்தீங்க. சரின்னு வாங்கிக்கிட்டேன். இப்போ ஒரு கேள்வி கேட்டேன், மணியை அடிக்கீங்க.”

அம்மை சுவிட்சைத் தட்டினாள். மேள மெஷின் முழங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை.

*

அன்று அந்தியில் மடத்தில் ஒரே ஒரு நெய்விளக்கு. வாய்ப்பாட்டாக நாலு பாட்டு. அவ்வளவுதான்.

கீழ் ஊரிலிருந்து படியேறி வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்ன அம்மை, அந்தியிலே வந்தா இருட்டா இருக்கு?”

“ஆமா. அதான் அந்தி.”

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு பேச்சித்தாய் படியேறி வந்தாள். அவளைக் கண்டதும் தாணுமாலயன் பதறி எழுந்தார்.

“என்ன பேச்சி? மாசானத்துக்கு என்ன?”

“ஒண்ணுமில்லே அண்ணாச்சி. அசந்து தூங்கிட்டேன். அவுகளும் தூங்குதாக, இன்னும் எந்திக்கலே.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வெயில் மூஞ்சியிலே அடிச்ச பெறகுதான் முழிப்பே வந்துச்சு. வெக்கமாப் போச்சு.”

தாணுமாலயன் அம்மையிடம் போனார். தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை.

“இதெல்லாம் வெயில் அடிக்கிற வரைக்கும்தான். ஆடி வருது. மேகம் கணவாயை விட்டு நகராது. அப்போ என்ன செய்வீங்க?”

“மேகம் எதுலே வருது?”

“காத்துலே.”

அம்மை கோசாலைப் பக்கம் பார்த்தாள்.

அங்கே சுவரோரம் ஒரு காற்றாடி கிடந்தது. சின்னதுதான், ஆனாலும் கரண்ட் தரும். யாரோ ஒரு பக்தர் கொடுத்தது. ஒரு காலத்தில் வாசலில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. தர்மகர்த்தா சங்கரபாகம் தன் பெயர் பொறித்த வளைவை வாசலில் கட்டியபோது, பெயரை மறைக்கிறது என்று அதைக் கழற்றிப் போடச் சொன்னார். இப்போது பசுக்கள் அதில் முதுகு சொறிந்துகொண்டன.

“அதை ஏத்தினா முதலாளி சும்மா இருக்க மாட்டார், அம்மை.”

“காத்து மட்டும் சும்மா இருக்கா?”

சாணியைக் கழுவி, எண்ணெய் போட்டு, நாலு பேர் கயிறு கட்டி அதைத் தூக்கி நிறுத்தினார்கள். முதல் சுற்றுச் சுற்றியபோது பசுக்கள்தான் மிரண்டன.

தாணுமாலயன் எண்ணெய்க் கையோடு கேட்டார்.

“எனக்கு உபதேசம் எப்போ?”

“பீஸ்கட்டைக் கேள்விக்கே இன்னும் பதில் வரலியே.”

“நான்லா கேட்டேன்? நீங்கதானே சொல்லணும்?”

“கேட்டவங்கதான் சொல்லணும்,” என்றாள் அம்மை.

*

ஆடி பிறந்தது. வெயில் குறைந்தது. காற்றாடி ராத்திரியெல்லாம் சுற்றியது.

வெயிலும் இல்லாமல் காற்றும் இல்லாமல் போன ஒரு நாளில் ஆவுடை கிரைண்டரைத் தொடவில்லை. மேளமும் முழங்கவில்லை. மடம் கஞ்சி குடித்தது.

மாசானம் தூங்கினான்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் தர்மகர்த்தா சங்கரபாகம் வந்தார். அவருக்குக் குவாரிகள் உண்டு. மாசானம் வேலை பார்த்தது அதில் ஒன்றில்தான். கூடவே டவுனிலிருந்து விருந்தாளிகளை அழைத்து வந்திருந்தார். மடத்துக்குத் தாம் உபயமாகக் கொடுத்த மேள மெஷினை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதன் நெற்றியிலும் அவர் பெயர்தான், சிவப்பு எழுத்தில்.

வெளி முற்றத்தில் செருப்போடு நின்று அண்ணாந்து பார்த்தார். உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் அடித்ததோடு சரி, மற்றபடி பகலெல்லாம் மேக மூடாப்பு. காற்றும் மந்தம். வளைவில் இருந்த அவர் பெயருக்குக் குறுக்கே காற்றாடியின் இறக்கைகள் சோம்பலாகப் போய்ப் போய் வந்தன.

மண்டபம் இருட்டாகக் கிடந்தது.

“மேளம் ஏன் அடிக்கலே?”

“அடிச்சாச்சு,” என்றாள் அம்மை.

“எப்போ?”

“மத்தியானம்.”

விருந்தாளி ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கரபாகத்தின் முகம் சிவந்தது.

“சாயரட்சை மத்தியானத்திலேயா? ஊரே சிரிக்கும் அம்மை!”

“சிரிக்கட்டும். சிரிப்பு கரண்ட் குடிக்காது.”

“மரியாதையாச் சொல்லுதேன். நாளைக்கே டீசல் ஜெனரேட்டர் அனுப்புதேன். மடம் ஜெகஜோதியா எரியட்டும். ஆனா கீழே போற லைன் இருக்கக் கூடாது. நான் உபயம் பண்ணுறது சாமிக்கு. கண்டவன் குடிசைக்கு இல்லே.”

“ஜெனரேட்டர் வேண்டாம்.”

“வேண்டாமா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க இந்த மடத்திலே இருக்க முடியாது. தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இப்படி நிக்கீங்க?”

“நான் போனா அண்ணாச்சி மணி அடிப்பார். அவரும் போனா ஆவுடை அடிப்பா. உச்சியிலேதான் அடிப்பா.”

ஆவுடை அடுக்களை வாசலில் நின்று, ஆமாம் என்று தலையாட்டினாள்.

சங்கரபாகம் தன் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவன் உள்ளே போய் எல்லாச் சுவிட்சுகளையும் தட்டினான்.

சீரியல் செட்டு பூத்தது. மைக்கு இரைந்தது. மேள மெஷின் மண்டபமே அதிர முழங்கியது. விருந்தாளிகள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பேட்டரி அறையிலிருந்து கீ கீ என்று எச்சரிக்கை மணி கத்த ஆரம்பித்தது. மூடாப்புப் போட்ட நாளின் பேட்டரி அது. பாதிதான் நிறைந்திருந்தது. கத்தலின் அர்த்தம் தாணுமாலயனுக்குத் தெரியும்.

“முதலாளி, இப்படி ஓடினா ராத்திரி தாங்காது. கீழே ஒரு உசிரு கெடக்கு.”

“அப்போ கீழ் லைன் பீஸ்கட்டையைப் பிடுங்கும்வே!” மேளத்துக்கு மேல் கத்தினார் சங்கரபாகம். “நீர் கரண்ட்காரர்தானே? எத்தனை வீட்டிலே பிடுங்கியிருப்பீர்! போம். பிடுங்கும்.”

தாணுமாலயன் அம்மையைப் பார்த்தார்.

அம்மை அவரைப் பார்க்கவில்லை. நெய்விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். போனார்.

பேட்டரி அறைச் சுவரில் இரண்டு வெள்ளைப் பீஸ்கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதைப் பிடுங்கட்டும் என்று இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை.

மேளம் பாதி அடியில் நின்றது.

சீரியல் செட்டு அணைந்தது. மைக்கு வாயடைத்தது. செல்போன் வெளிச்சங்கள் மட்டும் அங்கங்கே மிதந்தன. நெய்விளக்கு தன் பாட்டுக்கு எரிந்தது.

இருட்டில் நடந்து வந்த தாணுமாலயன், சங்கரபாகத்தின் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

“பிடுங்கிட்டேன் முதலாளி.”

“எதைவே பிடுங்கினீர்?”

“மடத்துக் கட்டையை.”

“சாமியை இருட்டிலே போட்டுட்டீரே!”

“சாமிக்கு இருட்டாது. கட்டையை நாளைக்கு உச்சியிலே தாங்க, மாட்டிருதேன்.”

சங்கரபாகம் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மதிலுக்குக் கீழே, முதல் குடிசையிலிருந்து வந்தது. அந்தியில் மேளம் முழங்கிய நாட்களில் மடத்தில் யாருமே கேட்டிராத சத்தம்.

புஸ்... டக்.

புஸ்... டக்.

விடாமல், ஒரே சீராக.

விருந்தாளிகள் செல்போனை இறக்கினார்கள். ஒருவர் மதிலோரம் போய் எட்டிப் பார்த்தார்.

“என்னது அது?” என்றார் சங்கரபாகம்.

அம்மை கைகூப்பி நின்றிருந்தாள்.

“சாயரட்சை நடக்குது,” என்றாள். “செருப்பைக் கழட்டுங்க.”