நாக்கு மீனின் இரண்டு கண்கள்

மீன் பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், கரையிலிருந்து பகல் முழுக்கப் பாய் விரித்துப் போனால்தான் எட்டக்கூடிய தீவு ஒன்று இருந்தது. பதினாறு குடிசைகள். மண்ணில் எதுவும் விளையாது. சங்கு குளித்துக் கரையில் கொடுத்துத்தான் அரிசி வாங்குவார்கள்.

நம்புவேல் அங்கே சங்கு குளிப்பவன். அவன் மூழ்கும்போது இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடித்துக்கொள்பவன் அவன் மனைவியின் தம்பி காத்தமுத்து. அக்காள் தாலிக்காகவாவது மச்சினன் கயிற்றை விடமாட்டான் என்பதால் அங்கே அப்படி ஒரு வழக்கம்.

ஒருநாள் கடலடியில் நம்புவேல் சங்குக்குக் கை நீட்டியபோது, பக்கத்துப் பாறை புரண்டு அவன் கால்மேல் சாய்ந்தது. கயிற்றைச் சுண்டினான். மேலே காத்தமுத்து பலம் கொண்டமட்டும் இழுத்தான். ஆள் வரவில்லை.

வள்ளத்தின் ஓரத்தில் ஒரு மீன் தலை தூக்கியது. உருண்ட உடம்பு, பக்கத்துக்கு ஒரு கண்.

“இழுக்காதே! கால் பாறைக்கடியில் மாட்டியிருக்கு.”

“ஐயோ, மச்சானுக்கு மூச்சு முட்டுமே! நான் குதிக்கிறேன்.”

“நீ குதிச்சா கயிற்றை யார் இழுக்கிறது? அலை வரும்போதெல்லாம் பாறை கொஞ்சம் எழும்புது. நான் உள்ளே நுழைஞ்சு முட்டுக் கொடுக்கிறேன். கயிறு அசைஞ்சதும் இழு.”

“நேத்துகூட உங்க கூட்டத்தை வலை போட்டு அள்ளினோமே. நீ எதுக்கு...”

“தெரியும். ஆனா அவன் கண்ணைப் பார்த்துட்டேன். பார்த்த பிறகு போக முடியலை.”

மீன் மூழ்கியது. முதல் அலை வள்ளத்தைத் தூக்கி இறக்கியது. கயிறு அசையவில்லை. கீழே, இருண்ட பிளவுக்கு முன்னால் மீன் நடுங்கி நின்றுவிட்டது. நம்புவேலின் வாயிலிருந்து குமிழிகள் குறைந்துகொண்டே வந்தன.

இரண்டாவது அலையில் மீன் துணிந்து உள்ளே பாய்ந்தது. பாறையின் பாரம் முழுவதும் அதன் உடம்பில் இறங்கியது. அந்த ஒரு நொடியில் கால் விடுபட்டது. கயிறு துடித்தது. காத்தமுத்து வெறிபிடித்தவன்போல இழுத்தான்.

நம்புவேல் வள்ளத்தில் விழுந்து தண்ணீரைக் கக்கினான். மூச்சு வந்ததும், “மீன்... மீன் எங்கேடா?” என்றான்.

இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலைமேல் அலை போயிற்று. கடைசியில் இலைபோலத் தட்டையாக ஏதோ தள்ளாடி மேலே வந்தது. மண்ணில் அமுங்கிய கண், நசுங்காமல் தப்பிக்க மேல்பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. இரண்டு கண்களாலும் அது நம்புவேலைப் பார்த்தது. அவன் கைகூப்பினான்.

நாக்கு மீன் தட்டையானதும், அதன் இரு கண்களும் ஒரே பக்கம் சேர்ந்ததும் அன்றுதான். அந்தத் தீவுக்காரர்கள் வலையில் நாக்கு மீன் விழுந்தால், அதை இரு கைகளாலும் ஏந்திக் கடலில் விட்ட பிறகே மற்ற மீனைத் தொடுவதும் அன்று முதல்தான்.