ஹானாவின் புதன்கிழமை

ஏகாம்பரம் சாருக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை.

குரு என்றதும் காவி, தாடி என்று தேட வேண்டாம். அவர் ஜெசிந்தா மேடம். குன்னூரில் ஒரு பழைய கல்லூரி நூலகத்தின் பின்பக்கம் இருக்கிற கிரேகன் காகிதங்களுக்குப் பொறுப்பாளர். கிரேகன் பதினெட்டாம் நூற்றாண்டில் டப்ளினில் இருந்த ஆங்கிலோ-ஐரிஷ் நையாண்டி எழுத்தாளர். மந்திரி, பிஷப், நீதிபதி என்று ஒருத்தரையும் விட்டுவைக்காத மனுஷன். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும், தேயிலைத் தோட்டம் போட வந்த அவர் வம்சத்துப் பிள்ளை ஒருவரோடு கப்பலேறி, பதினான்கு பெட்டிகளாக எங்கள் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அதில் கிழிந்த தாளுக்கெல்லாம் ஒட்டுப்போடுவது என் வேலை. பெயர் ராயப்பன்.

அந்த ஆவணக் காப்பகத்தை நாங்கள் ஆர்ச்சிவ் என்போம். அந்தப் பெயருக்குக் காரணம் ஏகாம்பரம் சார்தான்.

அவர் கோயம்புத்தூர் அச்சகம் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் ப்ரூஃப் பார்த்தவர். படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் முழுக்கக் கண்ணாலேயே கற்றது, பேசிப் பழக ஆள் கிடையாது. ஆனால் ஒரு எழுத்து இடம் மாறியிருந்தால் போதும், பத்தடி தள்ளி நின்றே பிடித்துவிடுவார். அவர் கை படாத புத்தகம் அந்த அச்சகத்தில் இல்லை. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

ஓய்வு பெற்ற கையோடு மலையேறி வந்துவிட்டார். வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

“ஏனுங்க, ஆர்ச்சிவ் எங்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் உள்ளேயிருந்து வந்தார்.

“இதுதாங்க சார் ஆர்ச்சிவ். உள்ளே வாங்க.”

“பழைய கையெழுத்துப் படிக்கச் சொல்லித் தருவீங்களா மேடம்? சேர்த்துக்கிட்டா நான் உங்க சிஷ்யனுங்க.”

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் தீட்சை.

இரண்டு வருஷம் தினமும் வந்தார். ஒன்பதாம் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த முப்பத்தாறு கடிதங்களையும் முத்து முத்தாகப் பிரதி எடுத்தார். அப்புறம் ஒரு நாள் கல்லூரியில் அவரைப் பேச அழைத்தார்கள். புதன்கிழமை மூன்று மணி. அழைப்பிதழில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். டீக்கடையில்கூட எடுத்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை காலை, மஃப்ளர் ஒரு பக்கம் பறக்க ஓடி வந்தார்.

“மேடம்! பிடிச்சிட்டேனுங்க! கிரேகனைப் பிடிச்சிட்டேன்!”

“உட்காருங்க சார். முதல்ல மூச்சு விட்டுக்கோங்க.”

“உட்கார முடியலீங்க மேடம். கடைசி ஆறு வருஷம் அந்த மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. எவனும் கண்டுபிடிக்கல, நான் கண்டுபிடிச்சேன்!”

“எப்படி?”

“பிழைங்க! பிழையை வச்சு!”

மேசையில் பிரதிகளைப் பரப்பினார். முதல் சில தாள் தவிர எல்லாவற்றிலும் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

“ஒரு கமாவுக்காக அச்சுக்காரனை மூணு பக்கம் திட்டி எழுதின ஆளுங்க இவரு. நாப்பது வருஷம் ஒரு பிழை கிடையாது. திடீர்னு ஒரு நாள் வெட்னெஸ்டேக்கு நடுவுல இருக்கிற டி-யைக் காணோம். அப்புறம் வரிசையா. நம்ம ஊர்ல கோழியைக் கோளின்னு எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி. ஆரம்பிச்ச கடுதாசியில மூணு. கடைசிக் கடுதாசியில முப்பது! பைத்தியம் ஏறிக்கிட்டே போகுது பாருங்க!”

“யாருக்கு எழுதினது?”

“எல்லாமே ஹானாவுக்குங்க. அவர் வீட்டுச் சமையல்காரி. அவரு லண்டன்ல கேஸ் நடத்திக்கிட்டு இருந்தப்ப எழுதினது.”

“அதே வருஷம் மத்தவங்களுக்கு எழுதினது?”

“அதை இன்னும் பார்க்கலீங்க. முப்பத்தாறு கடுதாசி பத்தாதுங்களா?”

ஏகாம்பரம் சாருடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

“மேடம், நான் எட்டாவது படிச்சவன். மேடை ஏறினதே இல்ல. முன்னாடி பூரா புரொபசருங்க உட்கார்ந்திருப்பாங்க. அவங்க மட்டும் சிரிச்சாங்கன்னா, இறங்கி நேரா பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன். அதான் கேக்கறேன், சொல்லுங்க. பைத்தியம்தானுங்களே?”

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். நிஜமாகவே வரமாட்டார்.

“பதினொண்ணாம் பெட்டி பார்த்தீங்களா சார்?” என்றார் மேடம்.

“அது வேலைக்காரி பெட்டிங்களே. முக்கியமில்லைன்னு மேலேயே எழுதியிருக்கு.”

“யார் எழுதினது?”

“முன்னாடி இருந்தவங்க யாரோ.”

“நீங்க ப்ரூஃப் பார்க்கிறவர். அதை அப்படியே விட்டுட்டீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. மேடம் எழுந்து போய்ப் பதினொன்றாம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஏகாம்பரம் சாரின் விரலிடுக்கில் இருந்த சிவப்புப் பேனாவை உருவிவிட்டுப் பென்சிலைக் கொடுத்தார்.

“நம்ம ஆர்ச்சிவ்ல பென்சில்தான் சார். மை பட்டா அழியாது.”

மணி பத்தரை.

உள்ளே ஹானா கிரேகனுக்கு எழுதிய கடிதங்கள். கோழி கிறுக்கின மாதிரி எழுத்து. முதல் தாளிலேயே ஏகாம்பரம் சார் முனக ஆரம்பித்தார். “அட கடவுளே, என்ன இது... இங்க ஒண்ணு... இங்க ரெண்டு...” ஐந்தாவது தாளில் முனகல் நின்றது. நான் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“ராயப்பன், இதைக் கேளுங்க.” தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். “ஐயா, நீங்க எழுதினதையும் நான் எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். எனக்கு வெக்கமா இருக்கு. இனிமே நான் எழுதமாட்டேன். பூனை நல்லா இருக்கு. வென்ஸ்டேக்கு மழை பெஞ்சுது.”

“வென்ஸ்டேன்னா இருக்கு?” என்றேன்.

“வென்ஸ்டே! டி இல்ல!”

சொன்னவர் அப்படியே நின்றார். தாளின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தார். மார்ச் ஒன்பது. அப்புறம் ஒன்பதாம் பெட்டிக்கு ஓடினார். அறுபத்தொரு வயசு ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அங்கே ஓர் உறை, இங்கே ஓர் உறை என்று வரிசையாக எடுத்து வைத்தார்.

“மார்ச் ஒன்பது, இவ எழுதமாட்டேங்கறா. மார்ச் பதினேழு, அவரு எழுதறாரு. அதுல வென்ஸ்டே! முதல் முறையா! ஐயோ மேடம், இவ எதைத் தப்பா எழுதறாளோ அடுத்த தபால்ல அவரும் அதையே தப்பா எழுதறாரு. இங்க பாருங்க, இவ புதுசா ஒண்ணு தப்பு விடறா, அவரும் விடறாரு. இங்க இவ ஒண்ணைத் திருத்திக்கிட்டா. அவரும் திருத்திக்கிட்டாரு! ஆறு வருஷம்! இவ அப்புறம் நிறுத்தவே இல்லீங்க, ஆறு வருஷமும் எழுதியிருக்கா!”

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். ஊரையே கிழித்துத் தொங்கவிட்ட அந்த ஆள், பக்கத்தில் கிடைத்தால் காலைத் தொட்டிருப்பேன்.

“நான் போய் இதுக்குச் சிவப்பு மையில சுழிச்சு வச்சிருக்கேனே மேடம்! பைத்தியம்னு எழுதி வச்சிருக்கேனே!”

“மணி பன்னெண்டாச்சு சார். மூணு மணிக்கு என்ன பேசப்போறீங்க?”

அவர் எழுதி வைத்திருந்த பதினெட்டுப் பக்கத்தையும் கிழித்துக் கூடையில் போட்டார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். பென்சிலும் கையுமாக உட்கார்ந்தவர் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் எழுந்தார்.

கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசை பூராவும் இங்கிலீஷ் பேராசிரியர்கள். ஏகாம்பரம் சார் மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் எழுந்து முதல் வாக்கியமே ஆர்ச்சிவ் என்பாரே! அந்த வார்த்தையை உலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆர்கைவ் என்பார்கள். எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும், முதல் வரிசைக்கும் தெரியும். எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஆர்ச்சிவ்தான் வரும், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் முதல் வரிசைக்கு அந்தக் கவலை எல்லாம் ஏது? ஒருத்தர் வாயைப் பொத்திச் சிரித்தால் போதும், ஐந்து மணி பஸ்ஸில் இவர் போய்விடுவார்.

மேடம் அறிமுகம் செய்ய எழுந்தார். மேடம் டப்ளினிலேயே மூன்று வருஷம் இந்த ஆவணப் படிப்பைப் படித்தவர். அது முதல் வரிசைக்கும் தெரியும்.

மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க ஆர்ச்சிவ்ல பதினாலு பெட்டி இருக்கு,” என்றார்.

முதல் வரிசை நிமிர்ந்தது. ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா எங்க ஆர்ச்சிவுக்கு ஏகாம்பரம் சார் ஒரு நாள் தவறாம வர்றாரு. இன்னைக்குக் காலையில எங்க ஆர்ச்சிவ்ல அவர் கண்டுபிடிச்சதை, இத்தனை வருஷமா அங்கேயே இருக்கிற நான் சொல்லக் கூடாது. அவரே சொல்லட்டும்.”

எண்ணிக்கொண்டேன், மூன்று தடவை. மேடம் அசரவே இல்லை. டப்ளினில் படித்தவர் மைக்கில் மூன்று தடவை அப்படிச் சொன்ன பிறகு, சிரிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஏகாம்பரம் சார் பேசினார். முதலில் தடுமாறினார். ஹானாவின் கடிதத்துக்கு வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. ஆர்ச்சிவ் என்று பதினொரு தடவை சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முடித்தபோது முதல் வரிசையில் இருந்த வெள்ளை முடிப் பேராசிரியை எழுந்து நின்று கை தட்டினார். அப்புறம் கூடமே நின்றது. நான் விசில் அடித்தேன், மறைப்பானேன்.

திரும்பி வரும்போது அவர் நடக்கவில்லை, மிதந்தார்.

“அந்தம்மா என் கையைப் பிடிச்சு, பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க ராயப்பன்! ஏகாம்பரம்னு! எழுத்துக்கூட்டி எழுதிக்கிட்டாங்க!”

உள்ளே நுழையும்போதே போன் அடித்தது. டப்ளினிலிருந்து, மேடத்துடைய பழைய ஆசிரியர். மேடம் எப்போதும் உள் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் போன் பேசுவார். இரண்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்குச் சந்தோஷத்தில் கதவை மறந்துவிட்டார்.

இங்கிலீஷ் மடமடவென்று வந்தது. ஹானா என்றார், ஏகாம்பரம் என்றார். ஏகாம்பரம் சார் முகமெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மேடம் சொன்னார், தெள்ளத்தெளிவாக: எங்கள் ஆர்கைவ். இன்னும் ஒரு தடவை, ஆர்கைவ்.

நான் பசைக் குச்சியைக் கீழே போட்டுச் சத்தம் செய்தேன். பலிக்கவில்லை.

ஏகாம்பரம் சார் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்தார். அதில் இங்கிலீஷில் அச்சாகியிருந்த அந்த வார்த்தையைத் தேடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் மேசைமேல் இன்னும் பரப்பியபடியே கிடந்த ஹானாவின் கடிதங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மேடம் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். ஏகாம்பரம் சார் நின்ற நிலையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“மேடம்,” என்றார் அவர்.

“சொல்லுங்க சார்.”

“அது... ஆர்கைவ்ங்களா?”

மேடம் ஆணியில் தொங்கிய சாவிக் கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“மணி அஞ்சரை ஆச்சு சார். வாங்க, ஆர்ச்சிவைப் பூட்டிட்டுக் கிளம்பலாம்.”