சீட்டுக் கவுன்டரில் வந்த நாத்திகம்

முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் பூங்கொடி காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரை முழுக்க ‘கடவுள் இல்லை’ என்று ஓடியது. அறங்காவலர் தில்லைநாயகம் அவள்மேல் பாய்ந்தார்.

“இது வைரஸ் ஐயா. யாரோ செருகின பென்டிரைவிலிருந்து வந்திருக்கு.”

“அந்த நாத்திகனை இப்பவே கண்டுபிடி! இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை. அவன் இனிமே கோயில் வாசலை மிதிக்கவே கூடாது!”

பூங்கொடி தேடிப் பார்த்தாள். நேற்று செருகியது ஒரே ஒரு பென்டிரைவ். அதன் பெயரை அவருக்குக் காட்டினாள்: ‘தில்லைநாயகம் மணிவிழா.’

அறங்காவலர் அவசரமாகத் திரையைக் கையால் மறைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பூங்கொடி குரலைத் தாழ்த்தினாள். “பாவம் ஐயா, வயசானவர். நாளைக்குத் தேர்வடம் வேற பிடிக்கணும். இந்த ஒரு தடவை உள்ளே விட்டுடலாமா?”

தில்லைநாயகம் சிரித்துவிட்டார். “விட்டுடும்மா. அதிலிருக்கிற மணிவிழாப் படங்களை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் கொடு.”