மூட்டை கட்டிப் போன மோட்டார்

ஏழு மலைக்கு அந்தப் பக்கம், சீன தேசத்திலே, யுவான்லி என்று ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு ஒரே ஆசை. தன் நாட்டு வண்டி என்று சொல்லிக்கொள்ள ஒரு மோட்டார் வேண்டும். ஆனால் நாட்டில் ஒருவருக்கும் மோட்டார் செய்யத் தெரியாது.

அவருடைய மந்திரி ஷென்வூ கெட்டிக்காரர். கடல் கடந்து போய் மோட்டார் செய்யும் ஹெல்முண்டு என்ற துரையைக் கூட்டாளியாகப் பிடித்து வந்தார். பட்டறையும் முந்நூறு கொல்லர்களும் ராஜாவுடைய பங்கு. வண்டியும் வித்தையும் துரையுடைய பங்கு.

வண்டி வந்தது. வித்தை வரவில்லை.

“துடைங்க. தள்ளுங்க. உள்ளே கை வைக்காதீங்க.” துரை சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

ஆனால் குண்டும் குழியுமான அந்த நாட்டுச் சாலை துரையின் பேச்சைக் கேட்கவில்லை. முதல் மாதமே அச்சு முறிந்தது. புது அச்சு கப்பலில் வர ஆறு மாதம் ஆகுமாம்.

“அதுவரைக்கும் எங்க ஆளுங்க ஒண்ணு அடிச்சு மாட்டட்டுமா, துரை?” என்று கேட்டார் ஷென்வூ.

துரை சிரித்தார். “மாட்டிப் பாரும். உங்க அச்சு ஊர் எல்லை தாண்டாது.”

தாண்டியது. அப்புறம் சக்கரம் உடைந்தது. பிறகு விளக்கு, கதவு. அதன் பிறகு எந்திரத்துப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றாக. உடைந்ததைப் பார்த்துக் கொல்லர்கள் புதிது செய்தார்கள். நடுவில் ஒருமுறை, சாலையைச் சரிசெய்யும்படி ராஜா கட்டளை எழுதினார். ஷென்வூ அதை வாங்கி, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். சாலை அப்படியே கிடந்தது.

மூன்று வருஷம் போயிற்று. துரை சபைக்கு வந்து நின்றார்.

“கூட்டு முடிந்தது. நான் கொண்டுவந்த வண்டியை ஓர் ஆணி குறையாமல் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கிறது.”

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஓய் ஷென்வூ! இவரைக் கூட்டி வந்தவர் நீர்தானே? வண்டி போனால் பட்டறையை மூடிவிடுவேன். நீரும் இவரோடேயே கப்பல் ஏறும்!”

“ஆகட்டும் மகாராஜா. முதலில் துரையின் வண்டியைக் கொடுத்துவிடுவோம்.”

ஷென்வூ கைதட்டினார். கொல்லர்கள் இருபத்துமூன்று மூட்டைகளைச் சுமந்து வந்து இறக்கினார்கள்.

“இது அச்சு. முதல் மாதம் முறிந்தது. இதில் பல்சக்கரங்கள். ஆணியெல்லாம் கடைசி மூட்டையில். சரிபார்த்துக்கொள்ளலாம்.”

துரை சாயங்காலம் வரை சரிபார்த்தார். ஓர் ஆணிகூடக் குறையவில்லை. மெதுவாக நிமிர்ந்து வாசலைக் காட்டினார்.

“அப்போ, அங்கே ஒரு வண்டி நிற்கிறதே, அது என்ன?”

“அதுவா? உங்க வண்டியை முழுசா உங்ககிட்டே கொடுத்த பிறகு மிச்சம் இருக்கிறதுதான் அது, துரை.”

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி ஷென்வூவின் கழுத்தில் போட்டார்.

துரை மூட்டைகளை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். எல்லாம் ஏற்றிய பிறகு அவர் உட்கார இடமில்லை. துறைமுகம் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனார்.