பச்சைநாட்டுக்கு எதற்கு வைக்கோல்?

வடகடலோரத்தில் ஒரு காலத்தில் ஹால்வார் என்றொரு ராஜா இருந்தான். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கடலுக்கு அப்பால் உள்ள தீவில் ஜனங்களைக் குடியேற்றி வரி வாங்க அவனுக்கு ஆசை வந்துவிட்டது. கப்பல் புறப்படும் நாளில் சபையைத் துறைமுகத்திலேயே கூட்டினான்.

"நார்வே என்றால் வடக்கே போகும் வழி. டென்மார்க் என்றால் டேன் மக்களின் எல்லை. நம் பாஷையில் நாடு எப்படியோ பெயரும் அப்படி. இந்தத் தீவுக்கு என்ன வைக்கலாம்?"

கிரிம் பிரபு முந்திக்கொண்டான். குடிகள் போய்ச் சேர்ந்தால் தீவின் ஆளுநர் பதவி அவனுக்கு. "பச்சைநாடு, அரசே. எங்கும் புல்தான்."

"பிரமாதம். இதைக் குறை சொல்கிறவன் நாக்கை அறுத்துவிடுவேன்" என்றான் ராஜா.

கூட்டத்தில் உன்னா என்றொருத்தி நின்றிருந்தாள். முன்பு புருஷனோடும் மகளோடும் அந்தத் தீவுக்குப் போனவள் அவள். கோடையெல்லாம் மீன் மலிந்து கிடந்ததால், இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் குளிர்காலத்து வைக்கோலாக அறுத்துக் காயவைக்க மறந்துபோனார்கள். குளிரில் மாடுகள் செத்தன. பால் இல்லாமல் மகள் போனாள். பின்னாலேயே புருஷனும் போனான். தனியாக மிஞ்சியவளை ஏற்றிவந்தது கிரிமின் கப்பல்தான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

உண்மையைச் சொன்னால் நாக்கு போகும். சொல்லாவிட்டால் கப்பலில் இருக்கிற பிள்ளைகள் போகும். அவள் முன்னால் வந்து வணங்கினாள்.

"நல்ல பேருதான், மகராஜா. ஆனா பேரு வச்சவங்க பரிசும் குடுக்கணும்னு நம்ம ஊரு வழக்கம். பிரபு தன் மாட்டு மந்தையைக் குடிகளுக்குக் குடுக்கட்டும். இந்தக் குளிர்காலம் கூடவே இருந்து மேய்க்கட்டும். பச்சைநாட்டுக்கு வைக்கோல் எதுக்கு? ஒரு கட்டுகூட வேண்டாம்."

"நியாயம்தானே" என்று சிரித்தான் ராஜா.

கிரிமின் முகத்தில் ஈயாடவில்லை. "வைக்கோல் இல்லாமல் எப்படி, அரசே? கப்பல் நிறைய ஏற்றினாலும் போதாதே. வருஷத்தில் பாதி வெறும் பனிக்கட்டிதான் அங்கே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா அந்த இடத்திலேயே அவன் பதவியைப் பறித்தான். கப்பலில் ஒவ்வொரு குடும்பத்திடமும் தன் வாயாலேயே உண்மையைச் சொல்லும்படி அவனை விரட்டினான். பிறகு உன்னாவிடம், "பெயரை நீயே வை" என்றான்.

"பனிநாடு."

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

கோழிக்கூடையும் தொட்டிலுமாக ஜனங்கள் கப்பலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"நாங்க போறதுக்கு முந்தி யாராவது இந்தப் பேரை வச்சிருந்தா, என் மக இன்னைக்கு இருந்திருப்பா. அவளைக் குடுக்க முடியுமா, மகராஜா?"

உன்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு தடுமாறி இறங்கிய ஒருத்தியின் தொட்டிலை வாங்கிப் பிடிக்கப் போனாள்.