சவ்வக்கா வீட்டில் விழுந்த ஓட்டைகள்

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரல் செல்கள் குடியிருந்த காலம் அது. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. வீட்டைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று சுவராக நின்று காவல் காக்கும். அப்படி நின்ற சுவர்களில் ஒருத்தியைத்தான் எல்லோரும் சவ்வக்கா என்று கூப்பிட்டார்கள்.

சவ்வக்காவுக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. வெளியிலிருந்து உப்பு கசிந்து உள்ளே வரும். அள்ளி வெளியே கொட்டுவாள். மறுபடி கசியும். மறுபடி கொட்டுவாள். அவள் வீட்டுக்குள், உணவை எரித்துச் செல்லுக்குச் சக்தி தரும் நூற்றுக்கணக்கான குட்டி அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவை அணைந்துவிடுமோ என்பதுதான் அவளை அரித்த கவலை.

"நான் கொஞ்சம் அசந்தா போதும், அத்தனையும் அணைஞ்சுடும். ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க" என்பாள்.

"இப்ப நல்லாத்தானே எரியுது அக்கா?" என்று கேட்பாள் பக்கத்து வீட்டுச் சவ்வு.

"இப்ப எரியுது. இன்னும் கொஞ்ச நேரத்துல?"

அந்தக் கிண்ணத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அவ்வப்போது ஒரு சொட்டு நீலச் சாயம் விழும். உயிருள்ள வீடு சாயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். நீலம் ஏறிய வீட்டைச் செத்த வீடு என்று ஒதுக்கிவிடுவார்கள். இதுவரை சவ்வக்கா ஒரு துளி நீலத்தையும் உள்ளே விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஒருநாள் கிண்ணத்துக்கு மேலே பேச்சுக் குரல் கேட்டது. ஆராய்ச்சி செய்யும் ஜெபசீலியும் அவள் தோழி சம்சாத்தும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த விறகு போட்டா அடுப்பு நல்லா எரியுதுன்னு பார்க்கணும் சம்சாத். இந்தச் சவ்வு விறகை உள்ளேயே விடமாட்டேங்குது."

"பூந்திக்கொட்டையில நுரை வருமே, அந்தச் சத்தை எடுத்து வெச்சிருக்கேன். சவ்வுல ஓட்டை போடும். ஆனா பார்த்து விடு. கை தவறுச்சுன்னா அடுப்பும் சேர்ந்து கரைஞ்சுடும்."

"முதல்ல தண்ணியை மாத்திடுறேன். வீட்டுக்குள்ள என்ன உப்பு இருக்கோ, அதே உப்பு, அதே அளவு வெளியிலயும்."

சவ்வக்கா இதைக் கேட்டுவிட்டாள். அவசர அவசரமாக உடம்பின் இடுக்குகளிலெல்லாம் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு உருண்டைகளைத் திணித்து விறைத்து நின்றாள்.

நுரை பைய வந்து சேர்ந்தது.

"என்னக்கா, புதுசா நகை போட்டிருக்கீங்க?"

"நகை இல்ல, பூட்டு. உன்னால ஆனதைப் பாரு."

"அடடா. கொழுப்பு இருக்கிற இடத்துலதான் எனக்குப் பிடியே கிடைக்கும். நீங்களே நல்லா வெச்சுக் கொடுத்திருக்கீங்க."

சொல்லிக்கொண்டே நுரை ஒவ்வோர் உருண்டையாகப் பிடுங்கியது. பிடுங்கிய இடத்திலெல்லாம் ஓட்டை விழுந்தது. சில்லறைச் சாமான்கள் சில மிதந்து வெளியே போயின. உப்பு வெள்ளமாக வரப்போகிறது என்று சவ்வக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. ஜெபசீலி தண்ணீரை மாற்றியிருந்ததால் உள்ளும் புறமும் ஒரே உப்பு. அள்ளுவதற்கு எதுவுமில்லை.

பிறகு அந்த நீலச் சொட்டு விழுந்தது. தடுக்க ஆளில்லாமல் நேராக நடு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ அக்கா, உங்க வீடு நீலமாயிடுச்சே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தன் வீட்டிலும் நீலம் ஏறியிருப்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"பிள்ளைங்களா" என்று கூப்பிட்டாள் சவ்வக்கா. இன்னொரு தடவை கூப்பிட்டாள். நுரை மேலும் உள்ளே போவதையும் அவளால் தடுக்க முடியவில்லை.

மேலேயிருந்து ஜெபசீலி ஒரு சொட்டு விறகை விட்டாள். அது ஓட்டை வழியாகத் தாராளமாக நுழைந்தது. கிண்ணத்தின் பக்கத்தில், தண்ணீரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள் ஒன்று இருந்தது. அது அசைந்தது. பிறகு சரசரவென்று இறங்கியது.

"காத்தைத் தின்னுது சம்சாத். எரியுது, எல்லாமே எரியுது" என்றாள் ஜெபசீலி. சம்சாத் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

உள்ளேயிருந்து ஓர் அடுப்பு வாய் நிறைய விறகோடு குரல் கொடுத்தது. "யாரு கூப்பிட்டது? அக்காவா? சாப்பிட்டுக்கிட்டிருந்தோம், காதுல விழல."

"அந்த நுரை உங்களை ஒண்ணும் பண்ணலையா?"

"அதுக்குப் பிடிச்சுக்க அந்தக் கொழுப்பு வேணுமே. எங்க சுவர்ல அது ரொம்பக் கொஞ்சம்."

"உங்க சுவரா?"

"ஆமா. எங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சுவர் இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் சவ்வக்கா.

"நீங்க வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க அக்கா. ஒரு தடவை திரும்பியிருந்தா சொல்லியிருப்போம்."

சவ்வக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் உடம்பில் விழுந்த ஓட்டைகளில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே முதல்முறையாகத் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.