தாடிக்காரருக்குக் குளிருது

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் நாத்தனார் சௌந்தரவல்லி. பெரியவன் பிறந்த பத்தாம் நாள், வயிற்றில் தையலோடு சிரிக்கக் கூடாமல் நான் படுத்திருந்த நேரம் பார்த்து வந்து சொன்னாள், புண்ணியவதி.

கொடைக்கானலில் ஒரு பங்களா. அதற்குக் காவல் மாயழகு. கூடவே அவர் மைத்துனர்கள் வீரணனும் ஒச்சுவும். மூன்று பேருக்கும் சேர்த்து அரை மூளை. அதையும் முறை வைத்துத்தான் உபயோகிப்பார்கள்.

பங்களாக்கார அம்மா கணப்படுப்புக்கு முன்னால் போட ஒரு பழைய இங்கிலீஷ் பெஞ்சு வாங்கிவந்தார். ஓக் மரம், உடம்பெல்லாம் சித்திர வேலை. கைப்பிடியில் வாயைப் பிளந்த சிங்கம். சாய்மானத்தில் தாடி வைத்த ஒரு முகம், உம்மென்று.

“அஞ்சு நாள்ல வந்துருவேன் மாயழகு. பெஞ்சுக்குக் குளிர் படக்கூடாது. கணப்பு அணையக்கூடாது. வீட்டைப் பூட்டியே வை. பெஞ்சுக்கு ஏதாவது ஆச்சு, உனக்கு வேலையும் இல்ல, பின்கட்டு வீடும் இல்ல.”

மாயழகுக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வீடு போனால் எங்கே போவார்? மூன்று பேரும் உள்ளே போய், உள்பக்கமாகப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் விறகு தீர்ந்தது. விறகு ஷெட்டோ வெளியே.

“கதவைத் திறந்து எடுத்துட்டு வரவா மச்சான்?” என்றான் வீரணன்.

“பூட்டியே வைக்கச் சொல்லியிருக்காங்கடா!”

சரியென்று நாற்காலிகளை எரித்தார்கள். பிறகு மேஜையை. மாயழகு தாடிக்காரர் முகத்தைப் பார்த்தார். உம்.

“இன்னும் குளிருது போல மாப்ளே.”

ஒச்சு விழுந்து கும்பிட்டான். “வெள்ளைக்காரச் சாமி, தமிழ்ல வேண்டினா விளங்காது,” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “தேங்க்யூ, தேங்க்யூ,” என்றான். சாமி இறங்கி வரவில்லை.

நான்காம் நாள் வீரணன் முறை, யோசிப்பதற்கு. “கதவைத் திறக்கத்தானே கூடாது? எரிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லலையே!”

மாயழகுக்குக் கண் கலங்கிவிட்டது, இப்படி ஒரு மைத்துனன் வாய்த்ததற்கு. பூட்டைத் திறக்காமல் தாழ்ப்பாளோடு பெயர்த்து, சிங்கத்தின் வாயில் பத்திரமாக வைத்துவிட்டு, கதவை எரித்தார்கள்.

வாசல் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. தாடிக்காரர் இன்னும் உம்மென்று ஆனதாக ஒச்சு சத்தியம் செய்தான். ஜன்னல்களும் போயின. காற்று நாலு பக்கமும் வந்தது.

“இப்பப் போய் விறகு எடுத்துட்டு வரலாமே மச்சான்?”

“கதவே இல்ல, எதைத் திறந்துடா வெளிய போவே?”

மூவரும் தங்கள் கம்பளிகளைப் பெஞ்சுக்குப் போர்த்திவிட்டு, தரையில் பல் கிட்டிக்கப் படுத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை அம்மா வந்தார். கதவில்லாத வாசலில் வாயைப் பிளந்து நின்றார், சிங்கம் மாதிரியே. பிறகு உள்ளே ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

“அம்மா, நில்லுங்க!” மாயழகு பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். “வீடு பூட்டியிருக்கு.”

சிங்கத்தின் வாயிலிருந்து பூட்டை எடுத்தார். மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். ஓரமாக நகர்ந்து, கைகட்டி நின்றார்.

“இப்ப வாங்கம்மா. பெஞ்சுல ஒரு கீறல் கிடையாது. வேலை இருக்குல்ல?”

சிரித்தது போதும். வாசல் பக்கம் இருப்பவர்கள் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள், காற்று வருகிறது.